கடல் விலகிய துறைகளும் கடல் சூழ்ந்த நகரும்

இத்தாலி நாட்டின் வரைபடத்தைக் காண்போர், கடலுக்குள் நீட்டிய ஒரு காலைப்போல அந்நாடு அமைந்திருப்பதை அறிவர். கிழக்கே அட்ரியாட்டிக், மேற்கே திர்ரேனியன், வடமேற்கே லிகூரியன், தெற்கே அயோனியன் என நாற்கடல்கள் அதனைத் தழுவி நிற்கின்றன. அந்நாட்டின் செல்வமும், கலையும், ஆட்சியும் பெரும்பாலும் கடல்வழியே வந்தவையே. அந்நாட்டின் வீழ்ச்சிகளுள் பலவும் கடலோடு தொடர்புடையவையே.

ஆயினும், இன்று இத்தாலியைக் காணச் செல்லும் பயணிக்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. பீசா நகரத்தைக் கடற்பேரரசு என்று வரலாறு பேசுகின்றது. ஆனால் அங்குள்ள சாய்ந்த கோபுரத்தின் உச்சியில் ஏறி நின்றாலும், கடல் தொலைவில் ஒரு கோடாகத்தான் தெரியும். ராவென்னாவில் ரோமானியக் கப்பற்படை நின்றதாக நூல்கள் உரைக்கின்றன. அங்குச் சென்றால் காணப்படுபவை வயல்களே. ரோமாபுரிக்கு உணவளித்த ஓஸ்டியாத் துறைமுகம் புல்லும் பைன் மரங்களும் சூழ்ந்த இடிபாடாகக் கிடக்கின்றது. வெனிஸ் மட்டும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னிருந்தது போலவே நீருக்கு நடுவே நிற்கின்றது. ஒரே நாட்டின் துறைகளுள் பல கடலை இழந்ததும், ஒன்று மட்டும் இழவாது நின்றதும் எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை தேடுவது, துறைமுக நகரங்களின் வாழ்வையும் தாழ்வையும் அறிவதாகும்.

மிளகு வந்திறங்கிய கரைகள்

நேப்பிள்ஸ் வளைகுடாவின் ஓரத்தில் பொட்சுவோலி என்னும் சிற்றூர் உள்ளது. பண்டை நாளில் பூத்தியோலி எனப் பெயர் பெற்றிருந்த இவ்வூரே, ரோமாபுரியின் கீழைநாட்டு வாணிகத்துக்கு நெடுங்காலம் தலைவாயிலாக விளங்கியது. பருவக்காற்றின் துணையால் அரபிக் கடலைக் கடந்த கலங்கள் முசிறியிலும் பிற மேலைக்கரைத் துறைகளிலும் மிளகு ஏற்றிச் செங்கடலுக்குத் திரும்பின. அங்கிருந்து ஒட்டகங்களின் முதுகில் பாலைவனத்தைக் கடந்து, நைல் நதிவழியே அலெக்சாந்திரியாவை அடைந்த பொருள்கள், மீண்டும் கப்பலேறிப் பூத்தியோலியில் இறங்கின. இந்திய வாணிகத்தால் ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் நாணயம் நாட்டைவிட்டு வெளியேறுவதாகப் பிளினி என்னும் ரோமானிய அறிஞர் வருந்தி எழுதியதும் அக்காலத்தில்தான்.

சங்க நூல்கள் யவனர் என்று கூறும் மேலைநாட்டு மக்களின் வாணிகம் வெறும் கற்பனையன்று என்பதற்கு இருபுறமும் சான்றுகள் உள. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், இத்தாலியின் அரெட்சோ நகரத்து மட்கலங்களின் உடைசல்கள் கிடைத்தன. அவ்வாறே, கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்த பாம்பி நகரின் ஒரு வீட்டில், இந்தியக் கைவினைஞர் செதுக்கிய தந்தப் பாவை ஒன்று 1938-இல் கண்டெடுக்கப்பட்டது. அப்பாவை இன்றும் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இத்துணைச் சிறப்புடைய பூத்தியோலிக்கு வந்த கேடு நிலத்துக்கு அடியிலிருந்து எழுந்தது. அவ்வூர் ஓர் எரிமலைப் பள்ளத்தின் மேல் அமைந்தது. அங்கு நிலம் நூற்றாண்டுக் கணக்கில் மெல்லத் தாழ்வதும் உயர்வதுமாக உள்ளது. பழைய அங்காடியின் சலவைக்கல் தூண்கள் மூன்று இன்றும் அங்கு நிற்கின்றன. அத்தூண்களின் நடுவே, தரையிலிருந்து பல அடி உயரத்தில், கடற்சிப்பிகள் துளைத்த வடுக்கள் காணப்படுகின்றன. தூண்கள் ஒருகாலத்தில் கடலுள் அமிழ்ந்திருந்து, பின்னர் மீண்டும் மேலெழுந்தன என்பதற்கு அவ்வடுக்களே சாட்சி. நிலவியல் அறிஞர் சார்ல்ஸ் லயல் 1830-இல் வெளியிட்ட தம் நூலின் முகப்பில் இத்தூண்களின் படத்தையே அச்சிட்டார். அருகிலுள்ள பாயே நகரின் செல்வர் மாளிகைகள் இன்றும் கடலடியில் கிடக்கின்றன. 1982-ஆம் ஆண்டுக்கும் 1984-ஆம் ஆண்டுக்கும் இடையே மட்டும் பொட்சுவோலியின் நிலம் ஏறத்தாழ 1.8 மீட்டர் உயர்ந்தது. படகுகள் தரைதட்டின, வீடுகள் வெடித்தன, பல்லாயிரம் மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர்.

ரோமாபுரியின் வாயில் ஓஸ்டியா. அப்பெயருக்குப் பொருளே ஆற்றுமுகம் என்பதுதான். டைபர் ஆற்றின் வண்டல் அம்முகத்தை அடைத்துக்கொண்டே வந்தமையால், குளாடியஸ் பேரரசர் கி.பி. 42-இல் சற்று வடக்கே புதிய துறைமுகம் ஒன்றை அமைக்கத் தொடங்கினார். எகிப்திலிருந்து கற்றூண் கொணர்ந்த மாபெரும் கப்பலைக் கடலில் மூழ்கடித்து, அதன்மேல் கலங்கரை விளக்கம் எழுப்பினர். அவ்வளவு செய்தும், கி.பி. 62-இல் வீசிய புயலில் துறைமுகத்தின் உள்ளேயே 200 கப்பல்கள் அழிந்தன. பின்னர் வந்த டிராஜன் பேரரசர், உள்நாட்டில் அறுகோண வடிவில் ஒரு குளம் வெட்டிக் கப்பல்களுக்குப் பாதுகாப்பு அளித்தார். பேரரசு வலிமையோடு இருந்தவரை வண்டலை அகற்றப் பொருளும் இருந்தது, ஆளும் இருந்தது. பேரரசு தளர்ந்தபோது ஆறு தன் பணியை நிறுத்தவில்லை. இன்று கடற்கரை பழைய ஓஸ்டியாவைவிட்டுச் சில கிலோமீட்டர் விலகிவிட்டது. டிராஜன் வெட்டிய அறுகோணக் குளம், ரோமாபுரியின் விமான நிலையத்தருகே ஓர் ஏரியாக நிற்கின்றது. கப்பல்கள் நின்ற இடத்துக்கு மேலே இன்று விமானங்கள் பறக்கின்றன.

வயலாகிய துறை

கிழக்குக் கரையிலுள்ள ராவென்னாவின் கதையும் இத்தகையதே. அகஸ்டஸ் பேரரசர் அட்ரியாட்டிக் கடற்படைக்கென இங்குக் கிளாசே என்னும் துறைமுகத்தை அமைத்தார். சதுப்பு நிலங்களும் நீரும் சூழ்ந்திருந்தமையால் பகைவர் எளிதில் அணுக இயலாத இடம் அது. அக்காரணம் பற்றியே கி.பி. 402-இல் ஹொனோரியஸ் பேரரசர் மேலை ரோமானியப் பேரரசின் தலைநகரை அங்கு மாற்றினார். பின்னர் கோத்தியர் அரசன் தியோடோரிக்கும், அவனுக்குப் பின் பைசாந்தியப் பேரரசின் ஆளுநர்களும் அங்கிருந்தே ஆண்டனர். 547-இல் திருநிலை பெற்ற சான் விட்டாலே ஆலயத்தில், ஜஸ்டினியன் பேரரசரும் தியோடோரா பேரரசியும் வண்ணக் கற்சில்லு ஓவியங்களாக இன்றும் ஒளிர்கின்றனர்.

மற்றோர் ஆலயத்தின் சுவரில் கிளாசேத் துறைமுகமே ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. இரு கோபுரங்களுக்கு நடுவே நீலநீரில் கலங்கள் நிற்கின்றன. ஓவியத்தைக் கண்டு வெளியே வந்து அத்துறைமுகம் எங்கே என்று தேடுவோருக்கு விடையாக நிற்பது, 549-இல் கட்டிமுடிக்கப்பட்ட கிளாசே ஆலயம் ஒன்றே. அதனைச் சூழ்ந்திருப்பது கடலன்று, உழுத நிலம். போ ஆறும் அதன் கிளைகளும் சுமந்துவந்த மண் துறைமுகத்தைத் தூர்த்துவிட்டது. எந்தச் சதுப்பு நிலம் நகரத்தைப் பகைவரிடமிருந்து காத்ததோ, அதுவே நாளடைவில் கடலை அந்நகரிடமிருந்து பிரித்தது. சுவரில் கலங்கள் நிலைத்தன; கரையில் நிலைக்கவில்லை.

அமால்பி இழந்த கரை

நேப்பிள்சுக்குத் தெற்கே மலைக்கும் கடலுக்கும் இடையே ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் அமைந்த ஊர் அமால்பி. உழுவதற்கு நிலமில்லாத அவ்வூர் மக்களுக்குக் கடலே வயல். 839-ஆம் ஆண்டில் தன்னுரிமை பெற்ற அச்சிறு நகரின் வணிகர்கள் கான்ஸ்டாண்டிநோப்பிளிலும் எகிப்திலும் கடை வைத்தனர். எருசலேம் செல்லும் யாத்திரிகர்களுக்கு அங்கே விடுதி அமைத்தனர். அவர்களின் பெயரால் வழங்கிய கடற்சட்டத் தொகுப்பு மத்தியதரைக் கடலில் நெடுங்காலம் மதிக்கப்பெற்றது. 11-ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டிநோப்பிளில் வார்த்துக் கொணர்ந்த வெண்கலக் கதவுகள் இன்றும் அவ்வூர்ப் பேராலயத்தின் வாயிலை அணிசெய்கின்றன.

நார்மானியர் ஆட்சியில் அமால்பி தன்னுரிமையை இழந்தது. 1135-இலும் 1137-இலும் பீசாவின் படை அதனைச் சூறையாடியது. எஞ்சியிருந்ததையும் இயற்கை விட்டுவைக்கவில்லை. 1343-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள் எழுந்த பெருங்கொந்தளிப்பு, ஊரின் தாழ்ந்த பகுதியையும் துறையையும் கடலுக்குள் இழுத்துச் சென்றது. அப்போது நேப்பிள்சில் இருந்த கவிஞர் பெட்ரார்க் அப்புயலின் கொடுமையை ஒரு கடிதத்தில் விவரித்துள்ளார். கப்பல் கட்டிய கூடத்தின் ஒரு பகுதி மட்டுமே எஞ்சி, இன்று அருங்காட்சியகமாக விளங்குகின்றது. எலுமிச்சைத் தோட்டங்களையும் நீலக்கடலையும் கண்டு மகிழும் பயணியர், அக்கடலின் அடியில் ஒரு நகரின் பாதி கிடப்பதை அறியாமலே திரும்புகின்றனர்.

சிறையில் பிறந்த நூல்

பீசாவின் பேராலயம் கடற்போரில் வென்ற பொருளால் எழுந்தது. 1063-இல் சிசிலியின் பலெர்மோத் துறைமுகத்தைத் தாக்கிக் கொணர்ந்த செல்வமே அதன் அடித்தளம். 1173-இல் தொடங்கிய மணிக்கோபுரம் கட்டும்போதே சாயத் தொடங்கிற்று. கடலும் ஆறும் விட்டுச்சென்ற மென்மையான மண்ணின்மேல் எழுப்பப்பட்டதே அதற்குக் காரணம். 1990-இல் மூடப்பட்ட அக்கோபுரம், உயர்ந்த பக்கத்து அடிமண்ணைச் சிறிது சிறிதாக அகற்றிச் சாய்வு குறைக்கப்பட்டபின், 2001-இல் மீண்டும் திறக்கப்பட்டது. உலகம் சிரித்துப் படமெடுக்கும் அச்சாய்வும், பீசாவின் துறைமுகத்தைத் தூர்த்த வண்டலும் ஒரே மண்ணின் இரு வேலைகள் எனலாம்.

1284-ஆம் ஆண்டு மெலோரியாத் தீவருகே நிகழ்ந்த போரில் ஜெனோவா பீசாவை முறியடித்தது. பிடிபட்டோர் தொகை மிகப் பெரிது. பீசாவைக் காண விரும்புவோர் ஜெனோவாவுக்குச் செல்லவேண்டும் என்றொரு பழமொழியே பிறந்தது. பின்னர் 1406-இல் பிளாரன்ஸ் நகரம் பீசாவைக் கைக்கொண்டது. கப்பல்கள் லிவோர்னோவை நாடின. அர்னோ ஆறு கரையை மேலும் மேலும் கடலுக்குள் தள்ளிற்று. 1998-இல் பீசாவின் இரயில் நிலையம் ஒன்றன் அருகே கட்டடப் பணிக்காக மண்ணைத் தோண்டியபோது, பண்டைக் கப்பல்கள் பல சரக்கோடு வெளிப்பட்டன. தண்டவாளத்தின் அருகே கப்பல் கிடைப்பதைவிட, கடல் விலகியதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஜெனோவாவின் சிறையிலிருந்த பீசா நகரத்தார் ஒருவர் ருஸ்திக்கெல்லோ. கதை எழுதுவதில் வல்லவர். அதே சிறைக்கு வெனிஸ் வணிகர் ஒருவரும் கைதியாக வந்துசேர்ந்தார். அவரே மார்க்கோ போலோ. 1298-இல் ஒருவர் சொல்ல மற்றவர் எழுதிய நூல் உலகப்புகழ் பெற்றது. போரிட்ட மூன்று கடல்நகரங்களும் அறியாமலே கூடி ஆக்கிய நூல் அது: சொன்னவர் வெனிஸ், எழுதியவர் பீசா, சிறை ஜெனோவா.

அந்நூலுக்குள் நம்மவர் கடல்களும் உள்ளன. சீனத்திலிருந்து திரும்பிய மார்க்கோ போலோ, மலாக்கா நீரிணையின் வழியே வந்து, பருவக்காற்றை எதிர்நோக்கிச் சுமத்திராவில் ஐந்து திங்கள் தங்கினார். அங்கிருந்து இலங்கையையும் பாண்டிய நாட்டையும் கண்டார். முத்துக்குளிப்பையும், காயல் துறையையும், கடல்கடந்து வந்திறங்கிய குதிரைகள் சரியாகப் பேணப்படாமல் மடிந்ததையும் அவர் விவரித்துள்ளார். 1295-இல் அவர் வெனிஸ் சேர்ந்தபோது, கீழைக்கடலின் செல்வம் எங்கே விளைகின்றது என்பதை அந்நகரம் நேரில் கண்டவர் வாயால் கேட்டது.

நீரைக் காத்த நகரம்

வெனிசின் தொடக்கம் அச்சத்தில் பிறந்தது. 6-ஆம் நூற்றாண்டில் லொம்பார்டியர் படையெடுப்புக்கு அஞ்சிய மக்கள் உப்பங்கழித் திட்டுகளில் குடியேறினர். சேற்றில் மரக்கம்பங்களை நெருக்கமாக அறைந்து அவற்றின்மேல் கல்லடுக்கி வீடு கட்டினர். சுற்றிலும் நீர் இருந்தும் குடிக்க நீரில்லை; மழைநீரை மணலில் வடித்துக் கிணறுகளில் தேக்கினர். அத்தகைய இடத்திலிருந்து எழுந்த குடியரசு, அலெக்சாந்திரியாவிலும் பெய்ரூத்திலும் மிளகும் கிராம்பும் சாதிக்காயும் வாங்கி ஐரோப்பா முழுவதற்கும் விற்றது. 1204-இல் சிலுவைப்போரின் பெயரால் கான்ஸ்டாண்டிநோப்பிளைச் சூறையாடி, நான்கு வெண்கலக் குதிரைகளைக் கொணர்ந்து புனித மாற்கு ஆலயத்தின் முகப்பில் நிறுத்தியதும் அக்குடியரசே. அதன் செல்வத்தில் உழைப்பும் உண்டு, கொள்ளையும் உண்டு.

ஆயின் வெனிஸ் செய்த ஒரு செயல் அதனைப் பிற துறைகளிலிருந்து வேறுபடுத்திற்று. அதன் கழியிலும் ஆறுகள் வண்டலைக் கொட்டின. விட்டுவிட்டால் கழி சேறாகும், சேறு வயலாகும், ராவென்னாவின் கதி வெனிசுக்கும் வரும். எனவே, 1501-இல் நீர்நிலைகளைக் காக்கத் தனி அதிகாரக் குழு ஒன்றை நிறுவினர். பிரெந்தா, சிலே, பியாவே ஆகிய ஆறுகளைத் தலைமுறை தலைமுறையாக வேறுவழியில் திருப்பினர். 1604-இல் முடிவுற்ற பெருங்கால்வாயால் போ ஆற்றின் போக்கையே தெற்கே மாற்றினர். 18-ஆம் நூற்றாண்டில் கடலலை கழிக்குள் பாயாதவாறு பெருங்கல் மதில்களை எழுப்பினர். இன்று பயணியர் வியக்கும் கால்வாய்களும் அவற்றில் நிழலாடும் மாளிகைகளும் இயற்கை தந்த காட்சியல்ல. பல தலைமுறைகளின் இடைவிடாத உழைப்பு.

மலாக்காவில் எழுந்த அலை

ஆற்றைத் திருப்பிய வெனிசால் வணிகத்தின் போக்கைத் திருப்ப இயலவில்லை. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தார். 1511-இல் அல்புகெர்க் மலாக்காவைக் கைப்பற்றினார். நறுமணப் பொருள்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி நேரே லிஸ்பனில் இறங்கத் தொடங்கின. மலாக்காவில் சில காலம் பணிபுரிந்த போர்த்துகீசியரான தோமே பிரஸ், அத்துறையின் ஆளுகை வெனிசின் உயிர்நிலையைத் தொடவல்லது என்று அப்போதே உணர்ந்து எழுதினார். பல்லாயிரம் கல் தொலைவிலிருந்த இரு துறைகளை ஒரே கயிறு பிணைத்திருந்தது.

ஆயினும், வெனிஸ் உடனே வீழ்ந்துவிட்டது என்று கருதுவது பிழை. போர்த்துகீசியரால் கடலை முழுதும் அடைக்க முடியவில்லை. ஆச்சே நாட்டுக் கலங்கள் சுமத்திரா மிளகைச் செங்கடலுக்குக் கொண்டுசென்றன. 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் வெனிசின் மிளகு வாணிகம் மீண்டும் தழைத்தது. அடுத்த நூற்றாண்டில் டச்சுக்காரர் வந்து விளைநிலங்களையே தம் பிடிக்குள் கொணர்ந்தபோதுதான் பழைய வழி உண்மையில் வறண்டது. 1797-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள், நெப்போலியனின் படை நெருங்கிய அளவில், வெனிஸ் குடியரசு தன்னைத் தானே கலைத்துக்கொண்டது.

வென்ற துறைகளும் நிலைத்தனவல்ல. மலாக்காவின் வாணிகம் பின்னாளில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றது. அன்று கடலோரம் நின்ற போர்த்துகீசியக் கோட்டையின் எஞ்சிய வாயில், இன்று கடலைவிட்டுத் தள்ளி நிற்கின்றது. கிளாசேயின் ஆலயத்தைக் கண்டவர்க்கு அவ்வாயில் புதிய காட்சியன்று.

மூன்றாவது காவல்

துறைமுக நகரம் ஒன்று வாழ மூன்று வேண்டும்: நீர், வாணிகம், மக்கள். ஓஸ்டியாவும் ராவென்னாவும் பீசாவும் நீரை இழந்தன. நீரைக் காத்த வெனிஸ் வாணிகத்தை இழந்தது. இன்று அது மூன்றாவதையும் இழக்கும் நிலையில் உள்ளது.

1966-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் வெனிசில் நீர் 194 செண்டிமீட்டர் உயர்ந்தது. ஆலைகளுக்காக நிலத்தடி நீரை இறைத்தமையால் நகரம் அமிழ்ந்திருந்ததும் அக்கேட்டை மிகுவித்தது. 2019-ஆம் ஆண்டு நவம்பரில் நீர் மீண்டும் 187 செண்டிமீட்டரை எட்டியது. கழியின் மூன்று வாய்களிலும் 78 எஃகுக் கதவுகளைக் கடலடியில் அமைக்கும் பணி 2003-இல் தொடங்கிப் பல இடர்ப்பாடுகளுக்குப்பின், 2020 அக்டோபர் 3-ஆம் நாள் முதன்முறையாகப் பெருநீரைத் தடுத்தது. பழைய கல்மதில் கட்டியோரின் மரபு அற்றுவிடவில்லை.

ஆனால் கதவுகளால் தடுக்க முடியாத வடிதல் ஒன்றும் உண்டு. 1951-இல் பழைய நகரில் ஏறத்தாழ 1,74,000 பேர் வாழ்ந்தனர். 2022-இல் அத்தொகை 50,000-க்குக் கீழே இறங்கிற்று. வீடுகள் விருந்தினர் விடுதிகளாயின. அன்றாடப் பொருள் விற்ற கடைகள் முகமூடி விற்கும் கடைகளாயின. 2021-இல் பெரும் உல்லாசக் கப்பல்கள் நகரின் நடுவழியே செல்லத் தடை விதிக்கப்பட்டது. 2024-இல், குறிப்பிட்ட நாள்களில் பகற்பொழுதுக்கு மட்டும் வருவோரிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் பெறும் முறை தொடங்கிற்று. மிளகுக்குத் தீர்வை பெற்ற நகரம், காணவருவோரிடம் தீர்வை பெறும் நிலைக்கு வந்துள்ளது.

ரியால்டோப் பாலத்தருகே ஒரு மருந்துக் கடையின் சன்னலில், 2008-ஆம் ஆண்டில் ஓர் எண்பலகை வைக்கப்பட்டது. நகரில் எஞ்சியுள்ள குடிமக்களின் தொகையை அது காட்டுகின்றது. தம் முன்னோர் ஆறுகளின் நீரை அளந்து கணக்கு வைத்தது போலவே, வெனிஸ் மக்கள் இன்று தம்மைத் தாமே எண்ணிக்கொண்டிருக்கின்றனர். ஆற்றைத் திருப்ப மூன்று நூற்றாண்டு உழைத்த நகரம் அது. தன் பிள்ளைகள் அங்கேயே வாழும் வழியையும் அது கண்டுகொள்ளுமாயின், அதுவே அந்நகரத்தார் கட்டிய மதில்களுள் தலையாயதாக அமையும்.